இருபதாவது மேற்கோள்

எங்கள் இயற்பியல் துறையில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்வோம். பக்கத்து அறைக்காரர் நாற்பத்தொன்று. எதிர் அறைக்காரர் போன வருடம் வரை முப்பத்திரண்டு. முப்பத்து மூன்றாக ஏறிய அன்று துறை முழுக்க கேக் வாங்கிக் கொடுத்தார். நான் பத்தொன்பது. ஐம்பத்தேழு வயது ஆளைப் பத்தொன்பது என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கலாம். அந்த ஆளுக்கு அப்படி இருக்காது.

இந்த எண் என்னவென்று எங்களோடு இருக்கும் மாமியாருக்கு ஒரு நாள் காலையில் விளக்கினேன். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். இருபது கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது மேற்கோள் வந்திருந்தால் அந்த ஆளின் எண் இருபது. என்னிடம் அந்தத் தகுதியுள்ள கட்டுரைகள் பத்தொன்பது இருந்தன. இருபதாவது கட்டுரை பத்தொன்பது மேற்கோள் வரை வந்து, இரண்டு வருடமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"அப்ப ஒண்ணே ஒண்ணுதான் குறையுதா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தை."

"யாராவது தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வாங்கிடக் கூடாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறிவியல் என்றால் என்ன, நேர்மை என்றால் என்ன, மேற்கோள் என்பது கேட்டு வாங்குகிற சமாச்சாரமா என்று அரைமணி நேரம் பேசினேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு நான் செய்தது அச்சு அசலாக அதையேதான் என்பதால், அந்த அரைமணி நேரப் பேச்சை அவர் மறந்துவிட்டால் நல்லது.

எதற்கு இந்தத் தவிப்பு என்று கேட்பீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் பேராசிரியர் ஆக வேண்டுமானால் எண் இருபதாக இருக்க வேண்டும். அதற்கான குழு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். அடுத்த முறை கூடும்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பேன். பதினெட்டு வருடமாக என் அறைக் கதவில் 'இணைப் பேராசிரியர்' என்ற பலகை தொங்குகிறது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆசைதான். ஒரு நாளாவது அந்த 'இணை' இல்லாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை.

அந்த இருபதாவது கட்டுரை எட்டு வருடத்துக்கு முன்னால் எழுதியது. மயிரிழையைவிட மெல்லிய ஒரு உலோகப் படலத்தைக் கடுங்குளிரில் வைத்து, அதன் வழியாக வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்தேன். கணக்குப்படி வரவேண்டியதைவிடப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாகக் கடந்தது. ஏன் கூடுதல் என்பதற்கு ஆறு பக்கத்தில் ஒரு கொள்கையும் எழுதியிருந்தேன். அழகான கொள்கை. இப்போது படித்தால்கூட எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அதற்கு வந்த பத்தொன்பது மேற்கோள்களையும் ஒருநாள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஏழு நானே எழுதிக்கொண்டவை. நான்கு என் பழைய மாணவர்கள் மரியாதைக்குப் போட்டவை. ஐந்து, 'இது குறித்துப் பல ஆய்வுகள் நடந்துள்ளன' என்ற ஒரே வரியில் முப்பது பேரோடு என்னையும் நிற்க வைத்து எடுத்த குரூப் போட்டோ. மிச்சம் மூன்று பேர் நான் சொன்னதாக ஏதோ எழுதியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் எழுதியதை நான் எங்கும் சொல்லவே இல்லை. இதுதான் உலக அறிவியலில் என் தாக்கம். இதை நம்பித்தான் தினமும் காலையில் பல்கூடத் துலக்காமல் கணினியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏறிச்சா மாப்பிள்ளை?" என்று மாமியார் சமையலறையிலிருந்து கேட்பார், காய்ச்சல்காரனைக் கேட்பதுபோல.

என் மனைவி பல் மருத்துவர். அவளுக்கு இந்தக் கூத்து ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"நேத்து ஒம்பது பல்லு பிடுங்கினேன். எந்த வாயிலயாவது என் பேரை எழுதி வெச்சிருக்காங்களா? நான் சாப்பிடலையா, தூங்கலையா?"

"உன் தொழில் வேற."

"ஆமாங்க. என்கிட்ட வர்றவங்களுக்கு நெஜமாவே வலிக்கும்."

குழு கூட மூன்று மாதம் இருந்தபோது ஒரு ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்காக ஒரு கட்டுரை வந்தது. எங்கள் தொழிலில் எந்தக் கட்டுரையும் வெளிவருவதற்கு முன் அதே விஷயம் தெரிந்த இரண்டு பேருக்குப் போகும். அவர்கள் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். இது ஒரு சின்னக் கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் தனியாளாக எழுதியது. அதே படலம், அதே குளிர். சின்னக் கட்டுரை, நேர்த்தியான வேலை. கடைசியில் இருந்த மேற்கோள் பட்டியலை மூன்று முறை மேலிருந்து கீழே பார்த்தேன். என் கட்டுரை இல்லை.

மதியம் காபி மெஷின் பக்கத்தில் நாற்பத்தொன்றிடம் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்நூறு பேர் சேர்ந்து எழுதும் கட்டுரைகளில் இருநூற்றுப் பதினேழாவது பெயராக வருகிறவர். அனுபவசாலி.

"உன்னோடதை மட்டும் போடச் சொன்னா மாட்டிக்குவ. முன்னால ஒருத்தரோடது, பின்னால ஒருத்தரோடது, நடுவுல உன்னோடதைச் சொருகு. எவனுக்கும் தெரியாது."

"நீங்க அப்படித்தான் நாற்பத்தொண்ணு ஆனீங்களா?"

"சேச்சே. அப்படி நாற்பதுதான் ஆனேன். மிச்சம் ஒண்ணு சொந்த உழைப்பு."

அறைக்கு வந்து மதிப்பீட்டை எழுதினேன். கட்டுரை நன்றாக இருக்கிறது, வெளியிடலாம். ஆனால் முக்கியமான மூன்று ஆய்வுகளை ஆசிரியர் கவனிக்கத் தவறியிருக்கிறார். 'முக்கியமான' என்பதை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். மூன்றின் பெயரையும் கொடுத்தேன், நடுவில் என்னுடையது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விதி விடவில்லை. பத்தோடு பதினொன்றாக இன்னொரு குரூப் போட்டோவில் நிற்க மனம் வரவில்லை. 'குறிப்பாக இரண்டாவது ஆய்வோடு தம் முடிவுகளை ஆசிரியர் விரிவாக ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்' என்று ஒரு வரி சேர்த்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்தக் காரியத்தை இரண்டு முறை எழுத்துப்பிழை பார்த்து அனுப்பி வைத்தேன்.

ஒன்பது வாரம் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. குழு கூட மூன்று வாரம் இருந்தது. முழுதும் படிக்கப் பொறுமையில்லாமல் என் பெயரைத் தேடினேன். இருந்தது. ஒரு இடத்தில் அல்ல, ஆறு இடத்தில். என்னைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து படித்தேன்.

'இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டிய மதிப்பீட்டாளருக்கு நன்றி' என்று ஆரம்பித்திருந்தார். அடுத்த வரி: தம் படலத்தில் அந்தப் பன்னிரண்டு சதவீதம் கூடுதல் காணப்படவில்லை. ஏன் காணப்படவில்லை என்று அவர் என் கட்டுரையைத் தோண்டியிருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், யாரும் படிக்காத இடத்தில், எந்தக் கருவி, எந்தக் கம்பி என்று நான் எழுதி வைத்திருந்தேன். வெப்பமானியை இணைத்த கம்பிகள் தாமிரம். தாமிரம் மின்சாரத்தை மட்டுமல்ல, வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகும். கம்பியின் நீளம், தடிமன் எல்லாம் எடுத்து, அதன் வழியே எவ்வளவு வெப்பம் கசிந்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பன்னிரண்டு சதவீதம். படலம் கூடுதலாக எதையும் கடத்தவில்லை, கடத்தியது கம்பி. 'எனவே அந்த ஆய்வின் முடிவை ஏற்பதற்கில்லை' என்று முடித்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சின்னக் கல்லூரி, தனியாள், யாரைப் பார்த்து என்ன சொல்வது என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு இறங்கிப் போனேன். எங்கள் ஆய்வக உதவியாளர் இருபது வருடமாக அங்கே இருக்கிறார். எந்தத் திருகாணி எந்த டப்பாவில் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு படலம் அளந்தோமே, அதுல என்ன கம்பி போட்டோம்?"

"தாமிரம் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நாம எப்பவும் போடற மாங்கனின் கம்பி தீந்து போச்சு. அதுதான் வெப்பத்தைக் கசிய விடாது, வர ரெண்டு வாரம் ஆகும், பொறுங்கன்னு சொன்னேன். 'ரெண்டு முழக் கம்பி என்னத்த பெருசா கொண்டு போயிடப் போகுது, இருக்கறதை வைங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான் அப்படியா சொன்னேன்?"

"கையை இப்படி ஆட்டிச் சொன்னீங்க சார்." ஆட்டியும் காட்டினார். என் கைதான், சந்தேகமே இல்லை.

பழைய படலம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. மாங்கனின் கம்பியை வைத்து இரண்டு நாள் மறுபடி அளந்தோம். கூடுதல், அரை சதவீதத்துக்கும் கீழே. அது பிழைக்குள் அடங்கிப்போகும், ஒன்றுமில்லை என்று அர்த்தம். எட்டு வருடம், ஆறு பக்கக் கொள்கை, பத்தொன்பது மேற்கோள் எல்லாம் இரண்டு முழக் கம்பி. உதவியாளர் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வெட்கத்தில் என்னால் அவர் பின்னாலேயே எழுந்து போக முடியவில்லை. ஆனால் அந்த வெட்கத்துக்குள், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமும் இருந்தது. மூன்றாம் பக்கத்தை ஒருவர் படித்திருக்கிறார். நான் எழுதியதை, நான் எழுதியபடியே, ஒருவர் படித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது விஷயத்தை வீட்டில் சொன்னேன். முதலில் மாமியாருக்குத்தான் சந்தேகம் வந்தது.

"அந்தப் பொண்ணு உங்களைத் திட்டித்தானே எழுதியிருக்கு? அதுவும் கணக்குல சேருமா?"

"சேரும் அத்தை. திட்டினாலும் ஒண்ணுதான், புகழ்ந்தாலும் ஒண்ணுதான்."

"அட, இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா நாலு பேர்கிட்ட திட்டு வாங்கியிருக்கலாமே!"

மனைவி சிரிக்கவில்லை. "இப்ப நீங்க என்ன பண்ணணும்?"

"அதை வெளியிடலாமா வேண்டாமான்னு சொல்லணும். வேண்டாம்னா என் கட்டுரை பிழைக்கும், நான் பத்தொன்பதாவே ரிட்டையர் ஆவேன். வெளியிடலாம்னா கட்டுரை செத்துடும், நான் பேராசிரியர்."

"அவங்க கணக்கு சரியா?"

"சரி. நானே அளந்து பார்த்துட்டேன்."

"அப்ப வெளியிடச் சொல்ல வேண்டியதுதானே."

"அதான் நானும் நினைச்சேன். உண்மைக்குத் தலை வணங்கறதுதான் நம்ம தொழிலுக்கு அழகு..."

"இருங்க. உங்க பேரை நீங்களே கேட்டு வாங்கினீங்களே, அதை யார்கிட்ட சொன்னீங்க?"

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவினேன். ஏற்கெனவே தடவியிருந்த பக்கம்தான்.

"எங்க வலிக்குதுன்னு கேட்டா பாதிப் பேரு பக்கத்துப் பல்லைத்தான் காட்டுவாங்க" என்றாள். "உங்களுக்குச் சொத்தை கம்பியில இல்லைங்க. முதல்ல அதை எழுதி அனுப்புங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இதழாசிரியர் என் மதிப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுவார். அதற்கு மாதங்கள் ஆகும். குழு அதற்குள் கூடிக் கலைந்துவிடும். அந்த ஒரு மேற்கோளுக்காக மானத்தை விற்றதும் நான்தான், இப்போது மானத்தைக் காப்பாற்ற அந்த மேற்கோளை விட வேண்டியதும் நான்தான். திங்கள் முழுக்க ஒத்திப்போட்டேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, வகுப்புக்குப் போகும் முன், இதழாசிரியருக்கு எழுதினேன். அந்த இரண்டாவது கட்டுரை என்னுடையது. என் எண்ணை ஏற்றிக்கொள்ளத்தான் அதைச் சேர்க்கச் சொன்னேன். இந்த அம்மா சொல்வது முழுக்கச் சரி, நான் மறுபடி அளந்து பார்த்ததில் அதே முடிவு வந்தது. என்னை மதிப்பீட்டாளர் என்று கொள்ள வேண்டாம். அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய், போன வாரம் நடத்திய பாடத்தையே மறுபடியும் நடத்தினேன். மாணவர்களும் மறுபடி எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் பதில் வந்தது. என் நேர்மைக்கு நன்றி. என் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு மதிப்பீட்டாளரும் ஆசிரியர் குழுவும் அந்தக் கணக்கைத் தனியாகச் சரிபார்த்து ஒப்புக்கொண்டதால் கட்டுரை இந்த வாரமே வெளிவருகிறது. கூடவே மதிப்பிடுவதற்கு இரண்டு புதிய கட்டுரைகளை இணைத்திருந்தார்கள், மூன்று வாரக் கெடுவோடு.

குழு கூடுவதற்கு நான்கு நாள் முன்னால் என் எண் இருபது ஆனது. மாமியார் கேட்காமலேயே என் தட்டில் இன்னொரு ஆம்லெட்டை வைத்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. நன்றாகவே இறங்கியது.

குழுவில் ஐந்து பேர். நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு கோப்பு. நடுவில் இருந்தவர் தாவரவியல்காரர். அவர்களிடமும் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். சொன்னேன். கம்பி, பன்னிரண்டு சதவீதம், நடுவில் சொருகியது, இதழாசிரியருக்கு எழுதியது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் ஓரத்தில் இருந்த ஒருவர் பாட்டில் மூடியைத் திருகி மூடும் சத்தம் கேட்டது.

"அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிட்டீங்களா?" என்றார் அவர்.

"இல்லை சார். திருத்தக் குறிப்பு எழுதப் போறேன்."

"ஆக, இப்போதைக்கு இருக்கு?"

"இருக்கு. ஆனா தப்பு."

தாவரவியல்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "படிவத்துல எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு எழுதக் கட்டம் இல்லையே. நீங்க சொன்ன விஷயத்தை இதழ் பார்த்துக்கிச்சு. எண் இருபது, சரிதானே?"

"எண் சரிதான் சார். நான்தான் தப்பு."

"எண் சரியா இருந்தா போதும்" என்று எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. தச்சர் வந்து நான்கு திருகாணியைக் கழற்றிப் பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வெளியே போய் நின்று படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நாற்பத்தொன்று வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "பார்த்தியா, நடுவுல சொருகினா தப்பவே தப்பாது" என்றார். அப்போதுதான் கொஞ்சம் கசந்தது.

அன்று மதியமே திருத்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டுரை, என்னை வெட்டியது. அதற்கு மேற்கோள் எதுவும் இல்லை. எண், பூஜ்யம். உலகத்தில் என் கட்டுரையை ஒழுங்காகப் படித்த ஒரே ஆளுக்குப் பூஜ்யம், அதைத் தப்பாக எழுதிய எனக்கு இருபது.

குறிப்பு அரைப் பக்கம்கூட வரவில்லை. என் கட்டுரையின் முடிவு தவறு. தவறுக்குக் காரணம் தாமிரக் கம்பி. கம்பியை மாற்றச் சொன்ன ஆய்வக உதவியாளரின் பேச்சை நான் கேட்கவில்லை. தவறைக் கண்டுபிடித்தவர் இன்னார். ஆறு பக்கக் கொள்கையைவிட இதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. வெளிவந்ததும் அவருக்கு ஒரு பிரதி அனுப்பி, மதிப்பீட்டாளர் யார் என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மூன்று வரியில் பதில் எழுதினார். 'பரவாயில்லை. கம்பி தாமிரம் என்று நீங்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. நிறையப் பேர் அதை எழுதுவதே இல்லை.'

இத்தனை வருடத்தில் என் எழுத்துக்கு யாராவது பாராட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால் அது இதுதான். நான்கு முறை படித்தேன். கண் கலங்கியது. அதை மனைவியிடம் காட்டினேன், அவளும் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை.

மறுநாள் காலை, பழக்க தோஷம், கணினியைத் திறந்தேன். என் குறிப்பு கணக்கில் ஏறியிருந்தது. அவருடைய எண் ஒன்று ஆகியிருந்தது. சரி, அதற்காகத்தானே எழுதினோம் என்று கீழே இறங்கினால், என் கட்டுரைக்கு நேரே இருபத்தொன்று. எந்தக் கட்டுரை தப்பு என்று சொல்ல அதன் பெயரை எழுத வேண்டியிருந்ததல்லவா, அதையும் ஒரு மேற்கோளாகக் கூட்டிவிட்டார்கள். இது வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அந்த இதழுக்கே இன்னொரு குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எதை எடுக்கச் சொல்கிறேன் என்று அதிலும் எழுத வேண்டியிருக்கும். இருபத்திரண்டு ஆகும். கணினியை மூடிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.